ஃபேஸ் மில் 50-ஆ, 80-ஆ? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்களிடம் இருப்பது சின்ன சிஎன்சி மில்லிங் மெஷின். பிடி30 சைஸ் ஸ்பிண்டில் (கட்டரைச் சுற்றும் தண்டு), 1.5 கிலோவாட் மோட்டார். 1500 ஆர்பிஎம்மில்தான் முழு பவர் கிடைக்கும்; அதிகபட்சம் 6000. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பிளேட், 120 மி.மீ. அகலம், 300 நீளம். மேலே 3 மி.மீ. எடுக்க வேண்டும். அகலத்தை இரண்டே பாஸில் (ஓட்டத்தில்) முடித்துவிடலாம் என்று 80 மி.மீ. விட்டமுள்ள ஃபேஸ் மில் (மேல்பரப்பைச் சமமாகச் சீவும் கட்டர்) பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: வேண்டாம், 50 வாங்குங்கள். ஜாப் (வெட்டப்படும் பொருள்) அகலத்தைப் பார்த்து கட்டர் எடுப்பது கனமான மெஷின் வைத்திருப்பவர்களுக்குச் சரி. லைட் மெஷினில் முதலில் பார்க்க வேண்டியது ஸ்பிண்டிலின் டார்க் (முறுக்கு விசை).

உங்கள் மோட்டார் 1500 ஆர்பிஎம்மில் தருவது சுமார் 9.5 நியூட்டன் மீட்டர். அதற்குக் கீழே வேகத்தைக் குறைத்தால் டார்க் ஏறாது; அப்படியே நிற்கும். அதனால் பவர் வேகத்தோடு சேர்ந்து இறங்கும். பெரிய கட்டர் மாட்டினால் கட்டிங் ஸ்பீடு (கட்டரின் விளிம்பு ஓடும் வேகம்) அளவோடு இருக்க ஆர்பிஎம்மைக் குறைத்தே ஆக வேண்டும். கார்பைடு இன்சர்ட்டுக்கு (கட்டரில் மாட்டிக் கழற்றும் வெட்டுப் பல்) எம்.எஸ்.ஸில் நிமிடத்துக்கு 150 மீட்டர் என்று வையுங்கள். 50 கட்டருக்கு 955 ஆர்பிஎம். அந்த வேகத்தில் மோட்டாரிடம் இருப்பது 0.95 கிலோவாட். 80 கட்டருக்கு 597 ஆர்பிஎம். இருப்பது வெறும் 0.6 கிலோவாட்.

இனி எவ்வளவு பவர் கேட்கும் என்று பாருங்கள். கட் ஆழம், கட் அகலம் (இரண்டும் மி.மீ.), நிமிட ஃபீடு (நிமிடத்துக்கு ஜாப் நகரும் மி.மீ.), மெட்டீரியலின் வெட்டு எதிர்ப்பு ஆகிய நான்கையும் பெருக்கி 6 கோடியால் வகுத்தால் கிலோவாட் வரும். எம்.எஸ்.ஸின் வெட்டு எதிர்ப்பைச் சதுர மி.மீ.க்கு 2000 நியூட்டன் என்று எடுத்துக்கொள்ளலாம். பெல்ட், பேரிங் இழப்புக்காக விடையை 0.8-ஆல் வகுக்கவும்.

50 கட்டர், 4 இன்சர்ட், பல்லுக்கு 0.12 மி.மீ. ஃபீடு: நிமிடத்துக்கு 458 மி.மீ. அகலத்தை 30 மி.மீ. வீதம் நான்கு பாஸாகப் பிரித்து, ஆழம் 1.5 வைத்தால் 0.86 கிலோவாட். தாங்கும். 3 மி.மீ. ஆழத்துக்கு இரண்டு லேயர், மொத்தம் 8 பாஸ். உள்ளே நுழையவும் வெளியே வரவும் சேர்த்து பாஸுக்கு 360 மி.மீ. என்றால், சுமார் 6.3 நிமிடம்.

80 கட்டர், 6 இன்சர்ட், அதே பல் ஃபீடு: நிமிடத்துக்கு 430 மி.மீ. 60 மி.மீ. அகலத்தில் இரண்டு பாஸ், ஆழம் அதே 1.5 என்றால் 1.6 கிலோவாட் கேட்கும். மோட்டார் முழு வேகத்தில் ஓடினாலும் அவ்வளவு இல்லை. ஸ்பிண்டில் நின்றுவிடும், இன்சர்ட் ஜாப்பில் குத்திக்கொண்டு உடையும். ஆழத்தை 0.5-க்கு இறக்கினால் 0.54 கிலோவாட், ஓடும். ஆனால் 6 லேயர், 12 பாஸ், பாஸுக்கு 390 மி.மீ.; சுமார் 10.9 நிமிடம். பெரிய கட்டர்தான் மெதுவாக முடிக்கிறது.

அலுமினியத்தில் கணக்கு மாறும். வெட்டு எதிர்ப்பு 700 அளவில்தான். கட்டிங் ஸ்பீடை 500 மீட்டர் வைக்கலாம். அப்போது 63 கட்டருக்குக்கூட 2500 ஆர்பிஎம் வந்துவிடும், மோட்டார் முழு 1.5 கிலோவாட்டையும் தரும். 42 அகலம், 1 மி.மீ. ஆழம், 5 இன்சர்ட், பல்லுக்கு 0.12 என்றால் இழப்பு உட்பட 0.93 கிலோவாட்டில் ஓடிவிடும். ஆக எம்.எஸ்.ஸுக்கு 50; அலுமினியமே பிரதான வேலை என்றால் 63.

வாங்கும்போது ஆர்பரையும் (கட்டரை ஸ்பிண்டிலோடு இணைக்கும் பிடி) சேர்த்துப் பாருங்கள். 40 கட்டரின் துளை பெரும்பாலும் 16 மி.மீ., போல்ட் எம்8. 50-க்கும் 63-க்கும் துளை 22, போல்ட் எம்10. ஒரே ஆர்பர் இரண்டுக்கும் போதும். 80 என்றால் 27-க்குத் தாவிவிடும். ஆர்பர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. ஆட்டோ டூல் சேஞ்சர் இருந்தால், டூல் எடைக்கும் பக்கத்து பாக்கெட்டில் டூல் இருக்கும்போது அனுமதிக்கும் விட்டத்துக்கும் மெஷின் மேனுவலில் வரம்பு போட்டிருப்பார்கள். ஆர்பரோடு சேர்த்து எடை போட்டுவிட்டு மாட்டுங்கள்.

கேள்வி: 50 மி.மீ. கட்டரிலேயே 3 இன்சர்ட், 4 இன்சர்ட், 5 இன்சர்ட் என்று வருகிறது. பல் குறைந்தால் லோடு குறையும் என்கிறார்கள். 3 போதுமா?

பதில்: லோடு குறையும் என்பது உண்மை. ஆனால் அடி விழும். கட் அகலம் விட்டத்தில் 60 சதவீதம், கட்டரின் ஒரு ஓரம் ஜாப் விளிம்போடு ஒட்டி ஓடுகிறது என்றால், ஒவ்வொரு பல்லும் சுமார் 101 டிகிரி மெட்டலுக்குள் இருக்கும். 4 பல் என்றால் இடைவெளி 90 டிகிரி. ஒரு பல் வெளியேறும் முன்பே அடுத்தது உள்ளே வந்துவிடும். 3 பல்லில் இடைவெளி 120 டிகிரி. நடுவில் எந்தப் பல்லும் வெட்டாத நேரம் ஒவ்வொரு சுற்றிலும் மூன்று முறை வரும். லைட் மெஷினின் காலம் (செங்குத்துத் தூண்) அந்தத் தட்டலுக்கு ஆடும். எம்.எஸ்.ஸுக்கு 4 எடுங்கள். 5 பல் ஃபினிஷ் கட்டுக்கு (கடைசி லேசான வெட்டு) ஓகே, ரஃபிங்கில் (கனமாக வெட்டி எடுப்பதில்) பவர் போதாது.

கேள்வி: 4 இன்சர்ட் கட்டரில் இரண்டு மட்டும் போட்டு ஓட்டலாமா?

பதில்: ஓட்டலாம், எதிரெதிரே போடுங்கள். டேபிள் ஃபீடைப் பாதியாக்க மறக்காதீர்கள். காலி பாக்கெட்டில் சிப் அடைத்துக்கொள்ளும். திரும்ப இன்சர்ட் போடும் முன் காற்றடித்துத் துடைக்கவும்.

கேள்வி: 90 டிகிரி ஏபிகேடி (ஒரு இன்சர்ட் வகை) கட்டரா, 45 டிகிரி கட்டரா?

பதில்: ஜாப்பை எப்படிப் பிடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. டிகிரி என்பது வெட்டு விளிம்பு ஜாப் பரப்போடு சாயும் கோணம். 90 டிகிரி கட்டர் ஜாப்பைப் பக்கவாட்டில் தள்ளும். கீழ்நோக்கி அழுத்துவது குறைவு. 45 டிகிரியில் அழுத்தம் பக்கவாட்டிலும் கீழும் ஏறக்குறைய சமமாகப் பிரியும். மெல்லிய பிளேட்டை இரண்டு ஓரத்தில் மட்டும் தாங்கியிருந்தால் 45 டிகிரி அதை நடுவில் அமுக்கும். பாஸ் போனதும் பிளேட் எழும்பி நடுப்பகுதி மேடாக நிற்கும். வார்ப்பிரும்பு என்றால் 45-தான்: பல் வெளியேறும்போது ஓரம் பொரிந்து உதிர்வது குறையும்.

45 டிகிரியில் சிப் தடிமன் ஃபீடில் சுமார் 70 சதவீதமே. அதனால் பல்லுக்கு 0.12 ஓட்டிய இடத்தில் 0.17 ஓட்டலாம். சதுர இன்சர்ட்டில் நான்கு முனை, ஏபிகேடியில் இரண்டு. இன்சர்ட் செலவிலும் 45 மிச்சம். ஆனால் ஒன்று கவனியுங்கள். 50 என்று எழுதியிருப்பது அடியில் வெட்டும் விட்டம். மேலே உடம்பு 12, 13 மி.மீ. அதிகமாக இருக்கும். வைஸ் ஜாவிலோ கிளாம்பிலோ இடிப்பது பெரும்பாலும் இதை மறந்ததால்தான்.

ஒரே கட்டர்தான் வாங்க முடியும் என்றால் 90. ஷோல்டர் (செங்குத்துப் படி வெட்டும்) வேலைக்கும் அதுவே ஆகும்.

கேள்வி: சாட்டர் (வெட்டும்போது அதிர்ந்து சத்தம் போடுவது) வந்தது. ஃபீடைக் குறைத்தேன், சத்தம் இன்னும் கூடியது. ஏன்?

பதில்: குறைத்ததால்தான். ஸ்டீலுக்கான இன்சர்ட்டின் முனை கத்தி மாதிரி கூராக இருக்காது, லேசாக உருட்டியிருப்பார்கள். பல்லுக்கு 0.03 அளவுக்கு ஃபீடு இறங்கினால் அது வெட்டாமல் தேய்க்கும். தேய்ப்புதான் கீச்சென்ற சத்தத்துக்குக் காரணம், இன்சர்ட்டும் சீக்கிரம் மழுங்கும். பல்லுக்கு 0.08-க்குக் கீழே போகாதீர்கள். முதலில் ஆழத்தைக் குறையுங்கள். அப்போதும் நிற்கவில்லையா, ஆர்பிஎம்மை 10, 15 சதவீதம் இறக்கிப் பாருங்கள். ஃபீடையும் அதே விகிதத்தில் இறக்கினால் பல் ஃபீடு மாறாது. கட்டரை ஜாப்பின் நடுக்கோட்டில் ஓட்டாமல் ஒரு பக்கம் தள்ளி, கிளைம்ப் மில்லிங்கில் (பல் தடித்த சிப்பில் தொடங்கி மெல்லியதாக முடிக்கும் திசை) ஓட்டுங்கள். அதன் பிறகும் வந்தால் டேபிள் கிப் (சறுக்குப் பாதையின் இடைவெளியைச் சரிசெய்யும் பட்டை) தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கும் நேரம்.

கேள்வி: பாஸுக்கும் பாஸுக்கும் நடுவில் நகத்தில் தட்டுப்படும் படி வருகிறது. இன்சர்ட் மாற்றியும் போகவில்லை.

பதில்: இன்சர்ட் காரணமில்லை, ஸ்பிண்டில் டேபிளுக்கு நேர்செங்குத்தாக இல்லை. எக்ஸ் (இடம்-வலம்) திசையில் ஓடும் பாஸ்களுக்கு நடுவே படி என்றால் ஸ்பிண்டில் தலை ஒய் (முன்-பின்) திசையில் சாய்ந்திருக்கிறது. 100 மி.மீ.க்கு 0.02 சாய்வு இருந்தால், 30 மி.மீ. தள்ளி ஓடும் பாஸ்களுக்கு நடுவே 0.006 படி. கேட்க ஒன்றுமில்லை போலத்தான், ஆனால் நகத்துக்கு அது போதும்.

ஸ்பிண்டிலில் டயலை (நுண்ணிய உயர வித்தியாசம் காட்டும் கருவி) 100 மி.மீ. ஆரத்தில் கட்டி, டேபிள் மேல் கையால் சுற்றுங்கள். முன்னும் பின்னும் 0.04 வித்தியாசம் காட்டினால் மேலே சொன்ன சாய்வுதான். காலம் அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

ஷிம்மைத் தேடும் முன் ஒன்று செய்யுங்கள்: அதே ஜாப்பில் 0.1 மி.மீ. ஆழத்துக்கு ஒரு ஃபினிஷ் பாஸ் ஓட்டுங்கள். படி மறைந்துவிட்டால் தலை சாய்வில்லை, கட் லோடில் மெஷின் வளைகிறது. கடைசி பாஸை லேசாக வைத்தாலே போதும். மறையாவிட்டால்தான் ஷிம்.

எக்ஸ் திசைச் சாய்வு படியாகத் தெரியாது. கட்டர் குறியைப் பாருங்கள். போகும்போதும் வரும்போதும் பல் பட்டு, வளைகோடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருந்தால் நேராக இருக்கிறது. வளைவு ஒரே பக்கம் மட்டும் விழுந்திருந்தால் சாய்வு உண்டு. பரப்பு நடுவில் லேசாகக் குழிந்திருக்கும்.

கேள்வி: ரவுட்டர் மெஷினில் 2.2 கிலோவாட், 24000 ஆர்பிஎம் ஸ்பிண்டில் இருக்கிறது. ஈஆர்20 கோலட் (டூலை இறுக்கிப் பிடிக்கும் வளையம்). நேர் ஷாங்க் (பிடித்துக்கொள்ளும் தண்டு) வைத்த 50 மி.மீ. ஃபேஸ் மில்லை அலுமினியத்துக்கு மாட்டலாமா?

பதில்: கூடாது. 2.2 கிலோவாட் என்பது 24000-ல்தான். டார்க் வெறும் 0.88 நியூட்டன் மீட்டர். 50 கட்டரின் விளிம்பில் அது 35 நியூட்டன் விசைதான், மூன்றரை கிலோ எடை. ஃபேஸ் மில் உடம்பில் அதிகபட்ச ஆர்பிஎம் எழுதாமலிருந்தால் அதை அந்த ஸ்பிண்டிலில் சுற்றுவதே ஆபத்து.

20 முதல் 25 மி.மீ. விட்டம், 12 மி.மீ. ஷாங்க், 2 இன்சர்ட் உள்ள கட்டர் எடுங்கள். ஈஆர்20 கோலட் 13 வரைதான் பிடிக்கும். பாலிஷ் செய்த அலுமினிய இன்சர்ட் போட்டு, கட்டரில் எழுதிய வரம்புக்குள் 10000 ஆர்பிஎம், நிமிடத்துக்கு 1000 மி.மீ. ஃபீடு, 0.2 முதல் 0.3 ஆழம், 12 முதல் 14 மி.மீ. அகலம் என்று ஆரம்பியுங்கள். இங்கே பவருக்குப் பஞ்சமில்லை; கேன்ட்ரி (ஸ்பிண்டிலைத் தாங்கும் குறுக்குப் பாலம்) ஆடுவதுதான் எல்லை. அலுமினியம் இன்சர்ட்டில் ஒட்டாமலிருக்க மிஸ்ட் கூலண்ட் (தூவலாக அடிக்கும் குளிர்விக்கும் திரவம்) விடவும்.

கேள்வி: எம்.எஸ். ஃபேசிங்கில் கூலண்ட் வேண்டுமா?

பதில்: கார்பைடு இன்சர்ட்டுக்கு வேண்டாம். மெட்டலுக்குள் சூடாகி, வெளியே வந்ததும் கூலண்ட் பட்டுக் குளிர்ந்தால் முனையில் சீப்புப் பல் போல விரிசல் விழும். சிப்பைத் தள்ளக் காற்று மட்டும் அடியுங்கள்.

கேள்வி: ஃப்ளை கட்டர் போதாதா?

பதில்: அலுமினிய ஃபினிஷுக்குப் போதும். ஒரே பல் என்பதால் டார்க் அதிகம் கேட்காது. 70, 80 மி.மீ. அகலத்தை ஒரே பாஸில் முடிக்கும், நடுவில் படியும் வராது. 0.1 முதல் 0.2 ஆழம், சுற்றுக்கு 0.1 முதல் 0.15 ஃபீடு, முனை ஆரம் 1 மி.மீ. பேலன்ஸ் இல்லாத உடம்பு என்பதால் 1000, 1200 ஆர்பிஎம்மோடு நிறுத்துங்கள். எம்.எஸ். ரஃபிங்குக்கு மாட்டாதீர்கள், சுற்றுக்கு ஒரு அடி நேராக ஸ்பிண்டில் பேரிங்கில் விழும்.