பாலைவனத் தந்தையரும் தாழ்மையும்: கேள்வி பதில்

வனத்து அந்தோனியாரின் வழியைப் பின்பற்றி, 4-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனங்களில் ஏராளமான துறவிகள் வாழ்ந்தார்கள். ஸ்கேத்தே என்று அன்று அழைக்கப்பட்ட இடம் இன்றைய வாதி நத்ரூன். அங்கே 4 காப்டிக் (எகிப்தியக் கிறிஸ்தவ) மடங்கள் இன்றும் இயங்குகின்றன. பாலைவனத் தந்தையர் என்று அழைக்கப்படும் அந்தத் துறவிகளின் தாழ்மையைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

கேள்வி: "நான் புழு, நான் தூசி" என்று ஜெபத்தில் சொல்கிறேன். சொல்லும்போதே உள்ளுக்குள் ஒரு பெருமையும் எட்டிப் பார்க்கிறது. இது தாழ்மைதானா?

அந்தப் பெருமை கண்ணில் பட்டதே நல்லது. தாழ்மை இருக்கிறதா என்பது ஜெபத்தில் தெரிவதைவிட, இன்னொருவர் தவறிவிட்ட நாளில்தான் நன்றாகத் தெரியும். ஸ்கேத்தேயில் ஒரு சகோதரர் குற்றம் செய்துவிட்டார். விசாரிக்கப் பெரியவர்கள் கூடி, மோசே என்ற துறவியை அழைத்தார்கள் (மூத்த துறவிகளை "அப்பா" என்று மரியாதையாக அழைப்பார்கள், இவர் அப்பா மோசே). அவர் வரவில்லை. மறுபடி ஆள் அனுப்பிய பிறகு, ஓட்டைப் பாத்திரம் ஒன்றில் தண்ணீர் நிரப்பிச் சுமந்துகொண்டு வந்தார். வழியெல்லாம் ஒழுகியது. இது என்ன என்று கேட்டவர்களிடம், "என் பாவங்கள் எனக்குப் பின்னால் இப்படித்தான் ஒழுகுகின்றன, நான் அவற்றைப் பார்ப்பதில்லை. இன்றைக்கு இன்னொருவருக்குத் தீர்ப்புச் சொல்ல வந்திருக்கிறேன்" என்றார். அதற்குமேல் யாரும் பேசவில்லை. அந்தச் சகோதரரை மன்னித்துவிட்டார்கள். மோசே ஒரு காலத்தில் கொள்ளைக்காரர். தன் பழைய வாழ்க்கையை மறக்காததால்தான் இன்னொருவரைக் காப்பாற்ற முடிந்தது.

கேள்வி: அப்படியானால் தப்பைக் கண்டும் காணாமல் விடுவதா? சபையில் ஒழுங்கு எப்படி நிற்கும்?

அம்மோனாஸ் என்ற ஆயர் செய்ததைப் பாருங்கள். ஒரு துறவியின் குடிலில் பெண் இருக்கிறாள் என்று ஊரார் திரண்டு, அம்மோனாஸையும் அங்கே கூட்டிக்கொண்டு போனார்கள். அந்தத் துறவி அவளை ஒரு பெரிய பீப்பாய்க்குள் மறைத்திருந்தார். உள்ளே நுழைந்ததும் அம்மோனாஸுக்கு விஷயம் புரிந்துவிட்டது. நேரே போய் அந்தப் பீப்பாய்மேல் உட்கார்ந்துகொண்டு, "தேடிப் பாருங்கள்" என்றார். தேடினார்கள், கிடைக்கவில்லை. எல்லாரையும் அனுப்பிவிட்டு, துறவியின் கையைப் பிடித்து, "சகோதரா, உன்னைக் குறித்து எச்சரிக்கையாயிரு" என்றார். அவ்வளவுதான்.

அவர் கண்டித்தார். ஆனால் கூட்டத்தின் நடுவே கண்டிக்கவில்லை. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். பிள்ளைகளுக்கோ பலவீனருக்கோ தீங்கு நடக்கும் இடத்தில் இந்தக் கதையைக் காட்டி யாரையும் மூடி மறைக்கக் கூடாது. அங்கே உடனே வாய் திறக்க வேண்டும்.

கேள்வி: வீட்டில் அடியும் ஏச்சும். சபையில் சொன்னால், "தாழ்மையோடு பொறுத்துக்கொள் அம்மா" என்கிறார்கள். மக்காரியுஸைப் போல இருக்கச் சொல்கிறார்கள்.

சகோதரி, அவர்கள் அந்தக் கதையைத் தவறான இடத்தில் எடுத்துச் சொல்கிறார்கள். மக்காரியுஸும் இந்தத் தந்தையருள் ஒருவர். ஒரு பெண் தன் கர்ப்பத்துக்குக் காரணம் அவர்தான் என்று பொய் சொன்னாள். ஊரார் கரிபிடித்த பானைகளை அவர் கழுத்தில் மாட்டி, ஊரைச் சுற்றி இழுத்து அடித்தார்கள். அவர் மறுக்கவில்லை. தான் முடைந்த கூடைகளை விற்று அவளுக்குச் சாப்பாடு கொடுக்கச் சொன்னார். பிரசவ வேதனையில் அவள் உண்மையை ஒப்புக்கொண்டாள். ஊரார் மன்னிப்புக் கேட்க வருவது தெரிந்ததும், அந்தப் புகழ்ச்சிக்குப் பயந்து ஸ்கேத்தேக்கு ஓடிப்போனார்.

மறுக்காமல் பொறுத்தது அவராகவே எடுத்த முடிவு. பொறுத்துக்கொள் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. தாழ்மை நாமே விரும்பி எடுப்பது, அடுத்தவர் தலையில் வைப்பது கொடுமை. ஆண்டவரையே ஒரு சேவகன் அறைந்தபோது, "என்னை ஏன் அடிக்கிறாய்?" என்று கேட்டார் (யோவான் 18:23). சவுக்கால் அடிக்கக் கட்டியபோது பவுல் தன் ரோமக் குடியுரிமையைச் சொல்லித் தடுத்தார் (அப்போஸ்தலர் 22:25). சாந்தமுள்ளவர் கேள்வி கேட்கலாம், சட்டத்தின் உதவியையும் தேடலாம். முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

கேள்வி: ஆராதனையில் தூங்குகிறவரைத் தட்டி எழுப்பலாமா?

இதே கேள்வியை அப்பா போய்மெனிடம் கேட்டார்கள். "தூங்கும் சகோதரனைக் கண்டால் அவன் தலையை என் மடியில் வைத்து இளைப்பாற விடுவேன்" என்றார். இரவு வேலை முடிந்து நேரே ஆலயத்துக்கு வருகிறவர்கள் நம் நடுவிலும் உண்டு.

கேள்வி: இறையியல் படித்திருக்கிறேன். எங்கள் சபை மூப்பர் பள்ளிக்கூடமே போகாதவர். அவர் பேசினால் பொறுமையாகக் கேட்க முடியவில்லை.

ரோமப் பேரரசர் தெயோதோசியுவின் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தவர் என்று மரபு சொல்லும் துறவி அர்சேனியுஸ், எகிப்தியக் குடியானவர் ஒருவரிடம் தன் எண்ணங்களைச் சொல்லி ஆலோசனை கேட்டார். இவ்வளவு படித்த நீங்கள் இவரிடமா என்று ஒருவர் வியந்தார். "லத்தீனும் கிரேக்கமும் எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் குடியானவருடைய அரிச்சுவடியைக்கூட இன்னும் கற்கவில்லை" என்றார் அர்சேனியுஸ்.

உங்கள் படிப்பை மறைக்க வேண்டாம், அது சபைக்குத் தேவை. மூப்பர் வசனத்தைத் தவறாக விளக்கினால், அப்புறம் தனியே சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன்பு ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போய், கஷ்டமான வருஷங்களில் எப்படி ஜெபித்தீர்கள் ஐயா என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள்.