வாய்க்கால் கரை ரோட்டில் தார் விளிம்பு ஏறும்போது கார் வலப்பக்கம் பாய்வது

அண்ணாச்சி, கல்லிடைக்குறிச்சி பக்கம் பஸ்ஸுக்கு ஒதுங்கிட்டு மேலே ஏறும்போது கார் வலப்பக்கம் பாயுதுன்னு கேட்டிருந்தீங்க. எப்பவும் இப்படி ஏறும்போது மட்டும்தான்னா வீல் அலைன்மென்ட்டைச் சந்தேகப்பட வேண்டாம். தார் விளிம்புதான் காரணம். பழைய தார் மேலேயே புதுசு போட்டு, ஓரத்துக்குக் கிராவல் அடிக்காம விட்டா நாலு விரல் உயரத்துக்குப் படி நிக்கும். சாய்வா உரசி ஏறப் பார்த்தா டயரோட பக்கச்சுவர் விளிம்பில் தேய்ஞ்சுக்கிட்டே ஓடும். ஏறலையேன்னு ஸ்டீயரிங்கை இன்னும் ஒடிப்பீங்க. சடார்னு ஏறினதும் அந்த ஒடிப்பு மொத்தமும் எதிர்ப்பக்கம் தள்ளிடும்.

ஒதுங்கினா நின்னுடுங்க. பஸ் போனதும் ஃபர்ஸ்ட் கியர், நடை வேகம். கொஞ்சம் கூடுதலா ஒடிச்சு ஏத்தி, முன்சக்கரம் தார் மேல ஏறினதுமே நேராக்குங்க.

ரோடு 3.75 மீட்டர், பஸ் சுமார் 2.5, கார் 1.7. யாராவது இறங்கித்தான் ஆகணும். ஆனா வாய்க்கால் பக்கம் இறங்காதீங்க. பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணி விட்டபிறகு கரை மண் ஊறிக் கிடக்கும், மேலே புல் மூடியிருக்கதால தெரியாது. அகலமான இடம் உங்களுக்குப் பின்னால கிட்டத்துல இருந்தா ரிவர்ஸ் எடுக்கதுதான் நல்லது.

ரோட்டோரத்துக்குக் கிராவல் அடிக்கச் சொல்லி மனு கொடுக்கும்போது அளவோட எழுதுங்க: இரு பக்கமும் ஒரு மீட்டர் அகலம், 10 செ.மீ. கனம்னா கிலோமீட்டருக்கு 200 கன மீட்டர், ஏறக்குறைய 70 யூனிட் (ஒரு யூனிட்னா 100 கன அடி) கிராவல், அதுவும் இறுகின கணக்கு. ரோலர் ஓட்டணும்னும் சேர்த்து எழுதுங்க, சும்மா கொட்டினது ஐப்பசி மழைக்கு வயலுக்குள்ள போயிரும்.