கைப்பாய் இழுக்கிறது, பலகை நழுவுகிறது: என்ன செய்வது?

கேள்வி: சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் வசிக்கிறேன். வயது 41, எடை 78 கிலோ. காற்றடைக்கும் பத்தரை அடித் துடுப்புப் பலகையில் நின்றபடி துடுப்புப் போடுவது நன்றாகப் பழகிவிட்டது. உறவினர் ஒருவர் ‘விங்’ எனப்படும் கைப்பாய் ஒன்றைக் கொடுத்தார்; பலகையில் நின்று, கையில் பிடித்து, காற்றின் இழுப்பில் ஓடுவதற்கான காற்றடைக்கும் பாய் அது. 5 சதுர மீட்டர். இரண்டு முறை கடலில் இறங்கினேன். பலகை முன்னே போவதைவிடப் பக்கவாட்டில்தான் அதிகம் நழுவுகிறது. இரண்டு நாளும் எங்கோ கரையேறிப் பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தேன். புதுப் பலகை வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். உங்கள் எடைக்கு அந்தப் பலகையும் போதும், அந்தப் பாயும் போதும். குறை தண்ணீருக்கு அடியில் இருக்கிறது.

துடுப்புப் பலகைக்குப் பெரும்பாலும் வாலில் மட்டுமே ஃபின், அதாவது அடியில் நீட்டி நிற்கும் மீன்செதில் போன்ற தகடு, இருக்கும். துடுப்புப் போட அது போதும். பாய் பக்கவாட்டில் இழுக்கும்போதோ பலகையின் நடுப்பகுதியைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. முதலில் மூக்கு காற்றோடு திரும்பும்; பிறகு மொத்தப் பலகையும் அதன் பின்னே போகும். நம் மீனவர்களுக்கு இது புதிய சிக்கல் அல்ல. கட்டுமரத்தில் பாய் விரித்தால் பக்கவாட்டில் ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்கிவிடுவார்கள். உங்களுக்கும் அதுதான் தேவை.

பலகையைக் கவிழ்த்து நடுவில் ஃபின் பொருத்தும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சில பலகைகளில் மூடி போட்டு வைத்திருப்பார்கள். இல்லையென்றால், பலகையைச் சுற்றிப் பட்டை கட்டிப் பொருத்தும் நடு ஃபின் கிடைக்கிறது. பிவிசி பசையால் ஒட்டும் அடித்தளமும் உண்டு. ஒட்டினால் ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். நீங்கள் நிற்கும் இடத்துக்கு நேர் கீழே வருமாறு பொருத்துங்கள். பலகையில் அச்சிட்டிருக்கும் அளவுக்குக் காற்றும் முழுமையாக இருக்க வேண்டும். தொய்ந்த பலகை நடுவில் வளைந்து வேகத்தையெல்லாம் தின்றுவிடும்.

ஃபின் வரும்வரை கடலுக்குப் போகாதீர்கள். அந்த நாட்களை மணலில் செலவிடுங்கள். கைப்பாய் கற்பவர்கள் அவசரத்தில் தாண்டிவிடும் பாடம் இது. இதை முறையாகக் கற்றவர்கள் தண்ணீரில் பாதி நேரம் மிச்சப்படுத்துவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

காற்றுக்கு முதுகு காட்டி நின்று, பாயின் முன்விளிம்புக் கைப்பிடியை மட்டும் பிடியுங்கள். பாய் கொடி போலப் படபடக்கும், இழுக்காது. ஆபத்து வந்தால் நீங்கள் திரும்ப வேண்டிய நிலை இதுதான் என்பதால், கை தானாகச் செய்யும்வரை பழகுங்கள். பிறகு பாயைத் தலைக்கு மேல் தூக்கி, முன்கையை முதல் பிடியிலும் பின்கையைப் பின்பிடியிலும் வைத்துக்கொள்ளுங்கள். பின்கையை மெல்ல உங்கள் பக்கம் இழுத்தால் துணியின் படபடப்பு அடங்கும், பாய் விறைக்கும், தோளில் இழுப்பு தெரியும். விட்டால் மீண்டும் படபடக்கும். புதியவர்கள் தடுமாறும்போது பயத்தில் பின்கையை இன்னும் இறுக்குகிறார்கள். பாய் அவர்களை முகம் குப்புறத் தள்ளிவிடுகிறது. தடுமாறினால் பின்கையைத் தளர்த்துங்கள். மணலில் அரை மணி நேரம் காற்றுக்குக் குறுக்கே நடந்து போய், பாயைத் தலைக்கு மேல் மறுபக்கம் மாற்றி, நடந்து திரும்புங்கள்.

தண்ணீரில் இறங்கியதும் எழுந்து நிற்க அவசரப்படாதீர்கள். பலகை காற்றுக்குக் குறுக்கே இருக்கட்டும். நடுவில் மண்டியிட்டு, பாயைத் தூக்கி, அப்படியே நூறு மீட்டர் போய்த் திரும்புங்கள். பாயின் நுனி தண்ணீரில் உரசினால் சட்டென்று மாட்டிக்கொள்ளும். அதனால் கைகளை உயர்த்திப் பிடியுங்கள். திசை மாற்றுவதும் பாயால்தான். மூக்கின் பக்கம் சாய்த்தால் பலகை காற்றோடு திரும்பும்; வாலின் பக்கம் சாய்த்தால் காற்றை நோக்கி ஏறும். இது கைக்கு வந்த பிறகு எழுந்து நில்லுங்கள். பார்வை காலடியில் வேண்டாம், போகும் திசையில் இருக்கட்டும். காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாயும் போகாது. குறுக்கே போகும்போதே கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று வரும் பக்கம் ஏறி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் நடந்து வரும் வேலை முடிந்தது.

இனி நேரம். உங்கள் கேள்வியில் அது இல்லை, ஆனால் எனக்குக் கவலை தருவது அதுதான். சென்னைக் கரை கிழக்கு பார்த்தது. ஜூன், ஜூலை மாதக் காலை வேளைகளில் மேற்குக் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரத் தண்ணீர் தட்டையாக, அழைப்பதுபோல் தெரியும். அந்தக் காற்றில் ஒருபோதும் பாய் தூக்காதீர்கள். நழுவும் பலகை உங்களைக் கொண்டுபோகும் இடம் கரை அல்ல. பெரும்பாலும் நண்பகலுக்குப் பின் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து திரும்பும், அதில் இறங்குங்கள். அது உங்களை வடக்கே தள்ளிக் கரை சேர்க்கும் என்பதால், வடக்கே, கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கொட்டிய தூண்டில் வளைவுக் கற்கள் இல்லாத இடமாகத் தேர்ந்தெடுங்கள். வேகம் மணிக்கு 15 முதல் 25 கிலோமீட்டர் இருந்தால் நல்லது. கடலில் அங்கங்கே வெள்ளை நுரை தெரிந்தால் போகலாம், எங்கும் வெள்ளையாக இருந்தால் வீடு திரும்பலாம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இங்கே பழக வேண்டாம்.

முடிந்தால் மூன்று நாள் ராமேசுவரம் போய் வாருங்கள். பாக் விரிகுடாப் பக்கம் நீர் ஆழமற்றது, நம் கரையைப்போல் அலை உடையாது. காற்றாடி இழுக்கப் பலகையில் போகும் காற்றாடிச் சறுக்கு கற்பவர்களும் அங்கே போகிறார்கள்.

உயிர்க்காப்பு உடை, பலகையோடு ஒரு கயிறு, பாயோடு மணிக்கட்டில் ஒரு கயிறு: இவை இல்லாமல் இறங்கக் கூடாது. துடுப்பையும் பலகையின் முன்பக்க நாடாவில் செருகி எடுத்துச் செல்லுங்கள். காற்று நின்றாலோ கை ஓய்ந்தாலோ, பாயின் காற்றைப் பிடுங்கிச் சுருட்டிப் பலகையில் வைத்து, அதன் மேல் படுத்து, கையாலோ துடுப்பாலோ கரைக்கு வாருங்கள். பலகையை விட்டு நீந்த முயல வேண்டாம். இதை இடுப்பளவு தண்ணீரில், முதல் நாளே, ஒரு முறை செய்து பாருங்கள்.