ஆங்கில ரீச்சரைக் கேளுங்கள்: "வாயைத் திறக்கிறார்கள் இல்லை"

கேள்வி: தொழிற்பயிற்சி நிலையமொன்றில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். வகுப்பில் 26 பேர். மூன்று மாதத்தில் நேர்முகத் தேர்வுகள் தொடங்கிவிடும். எழுதச் சொன்னால் ஓரளவு எழுதுகிறார்கள், கதைக்கச் சொன்னால் குனிந்த தலை நிமிராது. எங்கிருந்து தொடங்குவது?
– போதனாசிரியை, கோண்டாவில்

பதில்: தங்கச்சி, முதலில் இலக்கணக் கொப்பியை மூடி வையுங்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் படித்த பிள்ளைகள் இவர்கள். சாதாரண தரம் எழுதியாயிற்று. பலர் உயர்தரத்தில் பொது ஆங்கிலமும் எழுதியிருப்பார்கள். அந்தப் புள்ளி பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்கப் பார்க்கும் இசட் புள்ளியில் சேராது என்பதால் ரியூசனில்கூட அதை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அது வேறு கதை. இத்தனை வருடமும் கைதான் ஆங்கிலம் படித்தது, வாய் படிக்கவில்லை.

மற்றது பகிடி. ஒருத்தன் 'ஹீ கோ' என்று தொடங்கினால் போதும், பின்வாங்கிலிருந்து 'கோவா, கோஸா?' என்று ஒரு குரல் வரும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை வருட முடிவுவரை வாய் திறக்காது. ஆகவே ஒருவரை எழுப்பிவிட்டுக் கதைக்க வைக்கும் வேலையே வேண்டாம். 13 சோடியாகப் பிரித்து எல்லோரையும் ஒரே நேரத்தில் கதைக்க விடுங்கள். சந்தை மாதிரி இரையும். அந்த இரைச்சலில் யாருடைய பிழையும் யாருக்கும் கேட்காது. இரண்டு நிமிடத்துக்கு ஒருக்கால் ஆளை மாற்றுங்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியர் முறைப்பார், முறைக்கட்டும்.

எதைக் கதைப்பது? எங்கள் ஆட்கள் சறுக்குவது இங்கேதான். போன வருடம் உரும்பிராய்ப் பக்கத்துப் பெடியன் ஒருவன் என்னிடம் வந்தான். 'ரெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்' என்றால் மூச்சு விடாமல் ஒப்புவிப்பான். 'ஹார்ட் வேர்க்கிங்', 'ரீம் பிளேயர்' எல்லாம் வரும். நான் சும்மா 'ஹவ் டிட் யூ கம் ருடே?' என்று கேட்டேன். வாசலில் நின்றது அவனுடைய சைக்கிள். கொஞ்சம் முழித்துவிட்டு, 'மை நேம் இஸ்' என்று திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினான்!

பிறகு தமிழில் விசாரித்தேன். தகப்பனுக்கு வெங்காயத் தோட்டம், கிணற்று மோட்டர் பழுதானால் பார்க்கிறது இவன். சரி, மோட்டர் ஓடுது, தண்ணி வரவில்லை, என்ன செய்வாய், ஆங்கிலத்தில் சொல் என்றேன். 'மோட்டர் றன்னிங். வோட்டர் நொட் கமிங். ஐ செக் ஃபுட் வால்வ்' என்றான். கையும் சேர்ந்து கதைத்தது, வால்வில் குப்பை அடைத்திருப்பதை விரலால் காட்டினான். அரைகுறை இலக்கணம்தான், ஆனால் எனக்கு விளங்காதது ஒன்றுமில்லை. அன்று நான் கொடுத்தது ஒரேயொரு 'பட்' மட்டும்: மோட்டர் ஓடுது, 'பட்' தண்ணி வரவில்லை. அடுத்த நாள் 'ஃபர்ஸ்ட்', 'தென்'. அதற்கடுத்த நாள்தான் 'இஸ்'. மூன்றாம் கிழமை, நீ தீர்த்து வைத்த பிரச்சினை ஒன்றைச் சொல் என்ற கேள்விக்கு அந்த மோட்டர் கதையே பதிலாகிவிட்டது.

உங்கள் 26 பேரிடமும் இப்படி ஒரு மோட்டர் இருக்கும். தையல், கடைக்கணக்கு, அம்மம்மாவை ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் வருவது, ஏதோ ஒன்று. அதைக் கண்டுபிடியுங்கள். ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஒரு திருத்தம், அதற்கு மேல் வேண்டாம். நேர்முகத் தேர்வு ஒத்திகையைக் கடைசி மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் ஆங்கிலத்தில் யாழ்ப்பாணம் மணக்கிறது என்று கொழும்பு நண்பர்கள் நக்கலடிக்கிறார்கள். உச்சரிப்பை மாற்றத்தான் வேண்டுமா?
– மாணவர், சுன்னாகம்

பதில்: மணந்தால் மணக்கட்டும் தம்பி. ஒரு சொல்லை வேறு சொல்லாக மாற்றிக் காட்டும் உச்சரிப்பை மட்டும் கவனியுங்கள். நாங்கள் குடிக்கிறது கோப்பி, எழுதுகிறது கொப்பி. ஒரு விருந்தினரிடம் 'வுட் யூ லைக் சம் கொப்பி?' என்று கேட்டால் அவர் பாவம், எதை வாங்குவது? மேற்பல்லைக் கீழுதட்டில் மெல்ல வைத்து ஊதுங்கள், 'ஃப' வந்துவிடும். கண்ணாடிக்கு முன்னால் 'ஃபைல், பைல்', 'ஃபான், பான்' என்று ஐந்து நிமிடம், ஒரு கிழமை. அப்புறம் அழுத்தம். 'றெக்கோர்ட்' பெயராக வந்தால் முதல் அசையை அழுத்த வேண்டும், வினையாக வந்தால் இரண்டாவதை. தமிழில் எங்களுக்கு இந்தக் கரைச்சல் இல்லை, அதனால் எல்லா அசையையும் ஒரே மட்டத்தில் போட்டுவிடுகிறோம். மற்றதெல்லாம் இருந்தபடி இருக்கட்டும்.

கேள்வி: ஒரு மாதத்தில் சரளமாகக் கதைக்க வைப்போம் என்று விளம்பரம் பார்த்தேன். மகளைச் சேர்க்கலாமா?
– ஒரு தாய், மானிப்பாய்

பதில்: காசு கட்ட முன்னம் ஒரு நாள் வகுப்பு வாசலில் நின்று கேளுங்கள் அக்கா. பிள்ளைகளின் குரலைவிட ஆசிரியரின் குரல் கூடக் கேட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

கேள்வி: மிஷனரிமார் ஆங்கிலத்தில் படிப்பித்த வட்டுக்கோட்டை செமினரி இருந்த மண் இது. எங்கள் காலத்து ஆங்கிலம் இன்றைய பிள்ளைகளிடம் ஏன் இல்லை?
– ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், நல்லூர்

பதில்: ஐயா, 1823இல் செமினரி தொடங்கியதும், 1841இல் உதயதாரகைப் பத்திரிகை தமிழ், ஆங்கிலம் இரண்டு மொழியிலும் வெளிவந்ததும் பெருமைதான். ஆனால் அந்த ஆங்கிலம் எத்தனை வீட்டுப் படலை தாண்டிப் போனது? மலாயாவுக்கு ரயில்வேக்கும் கந்தோருக்கும் போனவர்கள் கொஞ்சப் பேர். மற்றவர்கள் தோட்டத்தில் நின்றார்கள். அந்தத் தோட்டக்காரரின் பேரப்பிள்ளைகள்தான் இன்று என் விறாந்தையில் இருந்து ஆங்கிலம் கதைக்கப் பார்க்கிறார்கள். நேரம் இருந்தால் பின்னேரம் ஒருநாள் வாருங்கள், நேர்முகத் தேர்வு ஒத்திகைக்குக் கண்டிப்பான ஆள் ஒருவர் தேவை.

கேள்வி: தொலைபேசியில் நேர்முகத் தேர்வு வைக்கிறார்கள். கேள்வியே விளங்காவிட்டால்?
– மாணவி, சாவகச்சேரி

பதில்: 'யெஸ்' என்று மட்டும் சொல்லிவிடாதே பிள்ளை. அது எங்கள் எல்லோருக்கும் உள்ள வருத்தம். 'சொறி, குட் யூ சே தட் அகெய்ன், ப்ளீஸ்?' என்று கேள். இரண்டாம் தரமும் விளங்காவிட்டால், விளங்கியதைச் சொல்லி 'இஸ் தட் றைட்?' என்று கேள். பழக ஒரு வழி சொல்கிறேன். சிநேகிதியை யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் நின்று உனக்கு ஆங்கிலத்தில் கோல் எடுக்கச் சொல். கொண்டக்டர் கத்துகிற கத்தலுக்குள் அவள் கேட்பதைப் பிடித்துவிட்டாய் என்றால், கொழும்பு அறைக்குள் இருந்து கேட்பவர் உனக்கு ஒரு பொருட்டே இல்லை.