எல்லை தாண்டினால் கழற்றலாமா சீட் பெல்ட்டை?

கேள்வி: நாங்கள் செங்கோட்டையில் வசிக்கிறோம். புனலூரில் இருக்கும் மகளைப் பார்க்க அடிக்கடி காரில் போகிறோம். கேரளத்தில் கேமராவில் சிக்கினால் அபராதம் என்று ஆரியங்காவு நெருங்கும்போது சீட் பெல்ட் போடும் என் கணவர், திரும்பும்போது புளியரை வந்ததும் கழற்றிவிடுகிறார். ஏர்பேக் போதும் என்கிறார். பேரனை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்காரும் நானும் பெல்ட் போட வேண்டுமா?
– வாசகி, செங்கோட்டை

பதில்: கட்டாயம் போட வேண்டும், அம்மா. பெல்ட் போட வேண்டும் என்ற சட்டம் எல்லைக்கு எல்லை மாறுவதில்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி சீட் பெல்ட் அணியாததற்கு 1,000 ரூபாய் அபராதம்; கேரளம் அதை 500 ரூபாயாகக் குறைத்திருக்கிறது, அவ்வளவுதான். கேரளத்தில் 2023 ஜூன் முதல் கேமராக்கள் அதை விடாமல் பிடிக்கின்றன என்பதுதான் பெரிய வித்தியாசம். ஆனால் கேமராவுக்குப் பயந்து போடுகிறவர், புளியரை எஸ் வளைவில் எதிரே கனரக லாரி முந்திக்கொண்டு வரும் நொடியில் பெல்ட் இல்லாமல் இருக்கிறாரே என்பதுதான் என் கவலை.

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் மோதுவது ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து, கீழே விழுவதற்குச் சமம். ஏர்பேக் பெல்ட்டுக்குத் துணையே தவிர மாற்று அல்ல. பெல்ட் பிடித்து நிறுத்தாத உடல் முன்னே பாயும்போது, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரியும் அந்தப் பையே முகத்திலும் மார்பிலும் அறைந்து காயப்படுத்தக்கூடும். எச்சரிக்கை மணி அடிக்காதிருக்க வெறும் கிளிப்பைச் செருகி வைக்கும் பழக்கம் உங்கள் வண்டியில் இருந்தால், அதை இன்றே பிடுங்கி எறியுங்கள்.

தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பரில் பால்கர் அருகே விபத்தில் இறந்தபோது, பின்னிருக்கையில் பெல்ட் அணியாமல்தான் இருந்தார். பின்னால் இருப்பவர் முன்னே வீசப்பட்டால் முன்னிருப்பவரின் உயிருக்கும் ஆபத்து. பேரனை மடியில் வைப்பது அதைவிடக் கொடுமை: மோதலின்போது பத்து கிலோ குழந்தையின் பாரம் பல மடங்காகிவிடும், எந்தப் பாட்டியின் கையாலும் அதைத் தாங்க முடியாது. இருவரையும் ஒரே பெல்ட்டில் சேர்த்துக் கட்டினால் உங்கள் உடலே அவனை நசுக்கும். வயதுக்கும் எடைக்கும் ஏற்ற குழந்தை இருக்கையை வாங்கிப் பின்னிருக்கையில் பொருத்துங்கள்.

சீட் கவர் தைத்துப் போட்ட பல கார்களில் பின்னிருக்கைப் பூட்டு உறைக்கடியில் புதைந்து கிடக்கிறது. அடுத்த முறை புனலூருக்குக் கிளம்புமுன் கையை விட்டு அதை வெளியே எடுத்து, பெல்ட்டை வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். இறுகி நின்றால் சரி, நிற்காவிட்டால் மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுப் புறப்படுங்கள்.