கல்லூரி வகுப்புகளுக்கு நடுவில், அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் சேர எழுதும் எம்கேட் (MCAT) நுழைவுத் தேர்வுக்கும் படிக்க முடியுமா? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்க வேண்டும்?

முடியும். மூன்றாம் ஆண்டில் நான்கு பாடங்கள் எடுத்துக்கொண்டே படித்தேன். ஆனால் முதலில் தேர்வுத் தேதியைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டேன். ஏப்ரல் கடைசியில் எம்கேட், அதற்கடுத்த வாரமே கல்லூரியின் இறுதித் தேர்வுகள். மார்ச்சில் ஒரு முழு மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்த அன்று இரவே, கூடுதல் கட்டணம் கட்டித் தேதியை ஜூன் பிற்பாதிக்கு மாற்றினேன். அந்தப் பணத்தை நினைத்து நான் இன்றுவரை வருந்தியதில்லை.

எம்கேட்டைத் திரும்ப எழுதலாம். ஒரே ஆண்டில் 3 முறை, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் 4 முறை, வாழ்நாளில் 7 முறை. கல்லூரி மதிப்பெண் பட்டியலில் விழுந்த ஒரு 'சி' கிரேடு அப்படிப் போகாது, கூடவே வரும். மருத்துவக் கல்லூரிகள் இரண்டையும் பார்க்கின்றன. அதனால் செமஸ்டர் முடியும்வரை வகுப்புக்குத்தான் முதலிடம் கொடுங்கள்.

அந்த மாதங்களில் எனக்கு வாரம் எட்டுப் பத்து மணி நேரம்தான் கிடைத்தது. அதையும் இரண்டே வேலைக்கு வைத்துக்கொண்டேன்.

ஒன்று, வகுப்பில் நடப்பதையே எம்கேட் அளவுக்குப் படிப்பது. உயிர்வேதியியலில் அமினோ அமிலங்கள் வந்த வாரம், வகுப்புக்குத் தேவையானதோடு நிற்காமல், 20-க்கும் வடிவம், மின்சுமை, ஓரெழுத்துக் குறியீடு எல்லாம் மனப்பாடம் செய்தேன். லைசினுக்கு 'கே', டிரிப்டோஃபேனுக்கு 'டபிள்யூ' என்று பல் தேய்க்கும்போதுகூடச் சொல்லிப் பார்ப்பேன். ஜூனில் அந்தப் பக்கத்தைப் புரட்ட வேண்டிய தேவையே வரவில்லை. முடிந்தால் தேர்வுக்கு முந்தைய செமஸ்டரில் உயிர்வேதியியலை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, வாசிப்புப் பகுதி. இதைக் கடைசி மாதத்தில் உட்கார்ந்து முடிக்கவே முடியாது. 90 நிமிடத்தில் 9 பத்திகள், 53 கேள்விகள். அதாவது ஒரு பத்திக்குப் பத்து நிமிடம். தினமும் முதல் வகுப்புக்கு முன்னால் போனில் டைமர் வைத்து ஒரே ஒரு பத்தி செய்தேன். அப்புறம் தப்பான ஒவ்வொரு பதிலுக்கும் எதிரே ஏன் அதைத் தேர்ந்தெடுத்தேன் என்று ஒரு வரி. மூன்று வாரம் கழித்து நோட்டைப் புரட்டினால் பாதிக்கு மேல் ஒரே காரணம்: பத்தியை எழுதியவர் சொன்னதை விட்டுவிட்டு, எனக்குச் சரி என்று பட்டதைக் குறித்திருந்தேன். அது தெரிந்த பிறகு கேள்விக்குப் போகும் முன், 'இவர் என்ன சொல்கிறார்?' என்று மனதுக்குள் ஒரு வாக்கியம் சொல்லிக்கொள்ளப் பழகினேன். மதிப்பெண் ஏறியது அங்கிருந்துதான்.

முழு மாதிரித் தேர்வுகளைச் செமஸ்டருக்குள் திணிக்காதீர்கள். இடைவேளைகளோடு அது ஏழரை மணி நேரம். அலசிப் பார்க்க இன்னொரு நாள் போய்விடும். மார்ச்சில் ஒன்று போதும், எங்கே நிற்கிறோம் என்று தெரிய. மற்றதெல்லாம் மே மாதம் கல்லூரித் தேர்வு முடிந்த பிறகு, வாரம் ஒன்று, உண்மையான தேர்வு போலவே காலை 8 மணிக்குத் தொடங்கி எழுதினேன்.

அந்த ஆறு வாரங்கள்தான் என் உண்மையான தயாரிப்பு. கால்குலேட்டர் கிடையாது என்பதால் மனக்கணக்கைத் தனியாகப் பழக வேண்டியிருந்தது. ஹைட்ரஜன் அயனிச் செறிவு 3 × 10⁻⁵ என்றால் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு) சுமார் 4.5 என்று நொடியில் வர வேண்டும். எனக்கு வேதியியல் தெரிந்தும் பத்தின் அடுக்கில்தான் மதிப்பெண் போனது. இன்னொன்று, தப்பான பதிலுக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை, எதையும் காலியாக விடாதீர்கள்.

கோடையில் உங்களுக்கு இப்படி ஆறு வாரம் கிடைக்காது என்றால், செமஸ்டரில் ஒரு பாடத்தைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். வேலையும் பார்த்துக்கொண்டு படிக்கிறவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்வேன். அதற்கும் வழியில்லை என்றால் தேர்வை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வையுங்கள். ஒரு வருடம் தாமதமாக மருத்துவக் கல்லூரியில் சேர்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.