அஞ்சு பேர் வேலை செய்யிற கிளினிக்குக்கு 60 பக்க கையேடா?

கேள்வி: அக்கா, உப்புவெளியில என்ட அவர் பின்னேரத்தில ஒரு கிளினிக் நடத்துறார், கணக்கும் ஸ்டாஃபும் என்ட பொறுப்பு. நம்பர் குடுக்கிற பிள்ளை, மருந்து குடுக்கிறவர், ரெண்டு நேர்ஸ்மார், கிளீன் பண்ற அம்மா, மொத்தம் அஞ்சு பேர். லீவு, லேட், போன் எண்டு ஒவ்வொரு நாளும் ஒரு கதை. ஊழியர் கையேடு ஒண்டு எழுதினா சரிவரும் எண்டு சொல்றாங்க. நெட்ல அமெரிக்கா மாதிரி ஒண்டு கிடைச்சது, 60 பக்கம். அதைத் தமிழாக்கிக் குடுத்தா காணுமா?

பதில்: காணாது தங்கச்சி. அதில பாதி அவங்கட இன்சூரன்ஸும் நோயாளிட தகவலைக் காக்கிற 'ஹிப்பா' எண்ட அவங்கட 1996ஆம் ஆண்டுச் சட்டமும்தான் இருக்கும். நமக்கு இருக்கிறது 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருத்தர்ட நோய் விவரத்தை அது விசேஷமாக் காக்க வேண்டிய தரவு எண்டு வச்சிருக்கு. அந்த 60 பக்கத்தைத் தூக்கி வச்சிட்டு, உங்கட கிளினிக்ல போன மாசம் என்னென்னத்துக்கு சண்டை வந்தது எண்டு ஒரு கொப்பியில எழுதுங்க, கையேட்டுக்கு அதுதான் பொருளடக்கம்.

லீவுப் பக்கத்தை மட்டும் உங்கட விருப்பத்துக்கு எழுத ஏலாது. கடை, காரியாலய ஊழியர் சட்டத்துக்குள்ள வாற இடமெண்டா, முதல் வருஷம் முடிஞ்ச ஆளுக்கு வருஷத்துக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் கெஷுவலும் உண்டு. நேர்சிங் ஹோம் தொழிலுக்கு, சம்பளமும் லீவும் தீர்மானிக்கிற சம்பளச் சபையும் தனியா இருக்கு. நீங்க எதுக்குள்ள வாறீங்க எண்டு திருகோணமலை தொழில் ஆபீஸ்ல கேட்டிட்டு எழுதுங்க. ஈ.பி.எஃப் எண்ட ஊழியர் சேமலாப நிதிக்கு ஸ்டாஃப்ட சம்பளத்தில 8 வீதம், உங்கட கையால 12 வீதம், ஈ.டி.எஃப் எண்ட ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், அதுவும் உங்கட கையாலதான். கிளீன் பண்ற அம்மாவையும் சேத்துத்தான் சொல்றன், அவவை மட்டும் "அவ சும்மா வந்து போறவ" எண்டு விடுறது நம்ம ஊர் வழக்கமாப் போச்சு.

கனக்க எழுத வேண்டியது ரகசியம் பற்றித்தான். திருகோணமலையில ஒருத்தரை ஒருத்தருக்குத் தெரியும், நம்பர் குடுக்கிற பிள்ளைட மாமி கோயில்ல கண்டு "அந்த வீட்டுப் பிள்ளை கிளினிக்குக்கு வந்ததாமே, என்ன விசயம்?" எண்டு கேப்பா, அவ கெட்ட எண்ணத்தில கேக்கிறதும் இல்ல, ஆனா அந்தப் பிள்ளை வாய் திறந்தா ஒரு குடும்பமே குழம்பிப்போகும். அதால பச்சையா எழுதுங்க: வந்தாரா வரல்லையா எண்டது கூட ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது, புருஷன் கேட்டாலும் மாமியார் கேட்டாலும் நோயாளிட சம்மதம் இல்லாம வாய் திறக்கக்கூடாது. ரிப்போட்டையோ மருந்துத் துண்டையோ சொந்தப் போன்ல படம் எடுத்து வாட்ஸ்அப்ல போடக்கூடாது. ஹோல்ல நிண்டு "சுகர் பாக்க வந்த ஆள் யாரு?" எண்டு கத்தவும் கூடாது, நம்பரைக் கூப்பிட்டாக் காணும்.

அடுத்தது ஊசி. பாவிச்ச ஊசிக்குத் திரும்ப மூடி போடக்கூடாது, ஊசிப்பெட்டி முக்கால்வாசி நிரம்பினதும் மூடிரணும். குத்துப்பட்டா சோப்பும் தண்ணியும் போட்டுக் கழுவணும், பிதுக்கவோ வாயால உறிஞ்சவோ கூடாது, உடனே டொக்டருக்குச் சொல்லணும். எச்.ஐ.வி தடுப்பு மருந்து தேவைப்பட்டா எவ்வளவு கெதியா எடுக்கிறமோ அவ்வளவு நல்லது, 72 மணித்தியாலம் தாண்டக்கூடாது. "குத்துப்பட்டதைச் சொன்ன ஆளுக்கு ஏச்சு இல்ல" எண்ட வரியையும் சேருங்க, பயத்தில மறைக்கிறதுதான் இதில பெரிய ஆபத்து. ஸ்டாஃபுக்குப் போடுற ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசிச் செலவை கிளினிக் ஏத்துக்கிறதுதான் நியாயம் எண்டு நான் நினைக்கிறன், உங்கட அவர் முகம் சுளிச்சாலும் பரவாயில்ல.

டொக்டர் வர முந்தி ஒருத்தர் நெஞ்சு நோவோட வந்தா நம்பர் குடுக்கிற பிள்ளை என்ன செய்யணும்? தன்ட மூளைக்கு ஒரு குளிசை எடுத்துக் குடுக்காம 1990க்கு அடிக்கணும், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். இதை கவுண்டர்லயும் ஒட்டி விடுங்க. லேட், போன், யூனிபோம் எல்லாம் ஒரு பக்கத்துக்குள்ள அடங்கும். எழுதி முடிச்சதும் அஞ்சு பேரையும் இருத்தி வாசிச்சுக் காட்டுங்க, சிங்களம் மட்டும் வாசிக்கிற ஆள் இருந்தா அவருக்குச் சிங்களத்தில ஒரு பிரதி.

கேள்வி: நான் கிண்ணியாவில ஒரு டிஸ்பென்சரியில வேலை செய்யிறன். புதுசா ஒரு கையேடு தந்து சைன் வைக்கச் சொல்றாங்க, அதில "10 நிமிஷம் பிந்தினா அரைநாள் சம்பளம் வெட்டு" எண்டு இருக்கு. வைக்கவா?

பதில்: முழுக்க வாசிக்காம வைக்காதீங்க தங்கச்சி, வீட்ட கொண்டுபோக ஒரு கொப்பி கேளுங்க. சைன் வச்சதுக்காகச் சட்டம் தந்த உரிமை இல்லாமப் போகாது, முதலாளி நினைச்ச மாதிரி சம்பளம் வெட்டவும் ஏலாது. முதல்ல அவரோட கதைச்சுப் பாருங்க, பஸ் பிந்தினா என்ன செய்யிறது எண்டு கேட்டு அதையும் எழுதச் சொல்லுங்க. சரிவராட்டி அந்தக் கொப்பியையும் சம்பளத் துண்டையும் எடுத்துக்கொண்டு தொழில் ஆபீஸுக்குப் போங்க.